மூன்றரை மணிக்கு விருந்து இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில், செட்டிநாட்டில் எந்த ஊரில் எந்த நேரத்தில் இறங்கினாலும் அசல் விருந்து காத்திருக்கும் என்றும், காரம் தாங்காதவர்கள் கையோடு தயிர் கொண்டுபோவது நல்லது என்றும் தங்கள் கட்டுரையாளர் அருளியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்த என் மைத்துனர் மகளும் மாப்பிள்ளையும், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதையும் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆற அமரப் பார்த்துவிட்டு, மூன்றரை மணிக்குக் காரைக்குடியில் ஒரு மெஸ்ஸின் வாசலில் போய் நின்றார்கள். அங்கே ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படியில் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். பேருந்து நிலையத்தருகே பரோட்டா தின்று பசியாறியவர்கள், வீட்டுக்கு வந்து கோபித்துக்கொண்டது தங்கள் கட்டுரையாளரை அல்ல, என்னை.

தங்களுக்குத் தெரியாததல்ல, எங்கள் ஊர் மெஸ்களில் மதியத்துக்கு வடித்த சோறும் வைத்த குழம்பும் தீர்ந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது, மறுபடி உலை வைக்கமாட்டார்கள். பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளிலோ ஆளை எண்ணித்தான் சமைப்பார்கள் என்பதால், வெளியிலிருந்து சாப்பிட மட்டும் வருகிறவர் முதல் நாளே சொல்லிவைப்பதுதான் முறை. மாலையில் வருகிறவர்கள் விருந்தைத் தேடாமல் பலகாரம் கேட்டிருந்தால், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைப் பணியாரத்தை, நடு உப்பிய பதத்தில், மிளகாய்ச் சட்டினியோடு தின்றிருக்கலாம். இதையெல்லாம் எழுத ஒருவர் இங்கே ஒரு நாள் தங்கினால் போதும்.

காரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் சோம்பும் மிளகும் சேர்ந்து வருகிற மணம்தான் எங்கள் கறிக்குழம்பு. கண்ணில் நீர் வரவழைப்பது அதன் வேலையன்று. அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டிக்கும், கருப்பட்டி போட்டுக் கிளறும் கும்மாயத்துக்கும், இனிப்புப் பலகாரமான கந்தரப்பத்துக்கும் எந்தத் தயிரை ஊற்றிக்கொள்வது என்பதைக் கட்டுரையாளரே விளக்கட்டும். சென்னையில் செட்டிநாடு என்று பலகை மாட்டிய ஓர் உணவகத்தில், விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும் கோழியைத் தின்று, இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் நான். அதே நிறக் குழம்பைத்தான் தாங்களும் ஆண்டுதோறும் பெரிய படமாகப் போடுகிறீர்கள். முன்பு ஒரு தீபாவளி மலரில், ஊறவைத்து வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்க்கிற கவுனி அரிசியைப் பால் பாயசமாக்கினீர்கள். அதைப் பற்றி நான் எழுதிய கடிதம் இடநெருக்கடியால் வெளிவரவில்லை போலும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், விடுதியில் சாப்பிட முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இடமில்லையென்றால் அந்தக் குழம்புப் படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.