ஆவாரஞ்செடிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடித்தோட்டத்துக்கு ஏத்த பூச்செடின்னு போன வாரம் ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா நம்ம ஆவாரத்தப் பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னு ஆதங்கமா போச்சு, அதான் எழுதுறேன். பெட்டூனியா, டேலியா எல்லாம் சென்னையில பங்குனி வெயில் ஏறுனதுமே வாடிரும். ஆவாரம் அக்னி நட்சத்திரத்துலயும் மஞ்சளா நிக்கும், வேர் புடிச்சிருச்சுன்னா அப்புறம் பல வருஷத்துக்கு அது பாட்டுக்கு இருக்கும்.

பூவ ஒரு தடவ கிட்ட போய் பாருங்க. அஞ்சு இதழ், நடுவுல பத்து கேசரம், கீழ்ப்பக்கம் இருக்குறது மட்டும் நீளமா வளைஞ்சிருக்கும். இதுல தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் உப்பு டப்பா மாதிரி நுனியில இருக்குற சின்ன ஓட்டை வழியாதான் வெளிய வரும். கருவண்டு வந்து பூவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டு றெக்கைய விரிக்காம உடம்ப மட்டும் விர்ர்ருனு அதிர வைக்கும், அப்பதான் மகரந்தம் அதோட வயித்துல கொட்டும், பக்கத்துல நின்னா அந்த சத்தம் நல்லாவே கேக்கும். நீலப் பட்டை போட்ட சின்ன தேனீ ஒண்ணும் இதே மாதிரி பண்ணும். பெட்டியில வளக்குற தேனீக்கு இந்த வித்தை வராது. கருவண்டு கொட்டிரும்னு பயந்து விரட்டுறாங்க, பாவம், நாம அதக் கையில புடிக்காத வரைக்கும் அது தன் வேலையப் பாத்துட்டு போயிரும்.

நர்சரியில கேட்டா காட்டுச்செடி, யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. நாட்டு மருந்துக் கடையில காஞ்ச பூ தாராளமா கிடைக்குது, டீ போட்டுக் குடிக்கிறோம், செடி மட்டும் ஆகாதா? செங்கல்பட்டு பக்கம் ரோட்டோரத்துல தட்டையா காஞ்ச காய் தொங்கும், நாலு பறிச்சுட்டு வாங்க. விதைத் தோல் கெட்டி, சுடுதண்ணில போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டு நட்டா முளைக்கும். ஆழமான தொட்டி, மணல் கலந்த மண்ணு, நாள் முழுக்க வெயில், அவ்ளோதான். மழைக்காலத்துல மட்டும் தொட்டியில தண்ணி தேங்காம பாத்துக்கணும், வேர் அழுகிரும். இலைய பச்சைப் புழு கடிச்சிருந்தா தயவுசெஞ்சு மருந்து அடிச்சிராதீங்க, அது அனேகமா எமிக்ரன்ட் பட்டாம்பூச்சியோட புழு.

ரோட்டு நடுவுல தடுப்புல எல்லாம் காகிதப்பூவும் அரளியும்தான் வெக்கிறாங்க. காகிதப்பூ தென் அமெரிக்கச் செடி, அந்த ரோஸ் கலரா தெரியுறது பூவே இல்ல, பூவச் சுத்தி இருக்குற இலைதான். லாரியில தண்ணி ஊத்துற இடத்துல கொஞ்சமாவது ஆவாரம் வெச்சா தண்ணியும் மிச்சம், வண்டுக்கும் சாப்பாடு. மாநகராட்சி கண்ணுல படுற மாதிரி நீங்கதான் எழுதணும். ஐப்பசி மழைக்கு முன்னாடியே போட்டீங்கன்னா படிக்கிறவங்க விதை போடவும் சரியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குரோம்பேட்டை, சென்னை