யானை விருதும் நீ பார்க்காமல் விட்ட கேடயமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனைத் தேவாலயத்தில் சுவரெல்லாம் கேடயங்கள். "எல்லாம் ராஜாக்களோடது அம்மா, ஒரே மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாய். எல்லாமே ராஜாக்களுடையது இல்லை, கண்ணு.

டென்மார்க்கில் எல்லாவற்றுக்கும் மேலான விருது யானை விருது. அதைப் பெற்ற ஒவ்வொருவரின் சின்னத்தையும் கேடயத்தில் தீட்டி அங்கேதான் மாட்டுகிறார்கள். விருதின் பதக்கம் வெள்ளை எனாமல் பூசிய பொன் யானை, முதுகில் ஒரு கோபுரம், கழுத்தில் ஒரு பாகன். பெற்றவர் இறந்துவிட்டால் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நம் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து போன யானையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. இல்லையாம். டேனியர்கள் இங்கே வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே அவர்கள் மன்னரிடம் யானைச் சின்னம் இருந்திருக்கிறது. விருதுக்கு முறையான விதிகளை 1693-இல் ஐந்தாம் கிறிஸ்டியன் வகுத்தார்.

ஆனால் நீ நின்ற அந்த அரண்மனையைக் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் நமக்கும் வேண்டியவர்தான். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு நம் கடற்கரையில் கோட்டை எழுந்தது அவர் காலத்தில். 'இறைப்பற்று நாடுகளை உறுதியாக்கும்' என்பது அவருடைய வாசகம். அங்கே ஒவ்வொரு அரசரும் பட்டத்துக்கு வரும்போது இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். 1849-இல் அரசியலமைப்புக்குக் கையெழுத்திட்ட ஏழாம் ஃபிரெடெரிக் 'மக்களின் அன்பே என் பலம்' என்று வைத்துக்கொண்டார். 2024-இல் தானே பதவி விலகிய மார்கரெத்தே ராணியின் வாசகத்திலும் அந்த 'மக்களின் அன்பு' இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, நீ பார்க்காமல் விட்டது. அந்தச் சுவரில் இயற்பியலாளர் நீல்ஸ் போருடைய கேடயம் இருக்கிறது. யூதத் தாயின் மகன் அவர். 1943-இல் நாஜிகளிடமிருந்து தப்பிக்க ராத்திரியில் படகேறி ஸ்வீடன் போனவர். நான்கே வருடத்தில், 1947-இல், டென்மார்க் அரசர் அவருக்கு யானை விருது கொடுத்தார். கேடயத்தின் நடுவே அவர் வைத்துக்கொண்டது கறுப்பும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று சுழலும் சீனத்து யின்-யாங் வட்டம். லத்தீனில் அவர் வாசகம்: 'எதிரானவை ஒன்றையொன்று நிறைவாக்கும்.' ஒளி ஒரு சோதனையில் அலையாகத் தெரிகிறது, இன்னொன்றில் துகளாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்க முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் ஒளி என்னவென்று சொல்ல முடியும். தன் வாழ்நாள் உழைப்பையே அவர் மூன்று லத்தீன் சொற்களில் எழுதி ராஜாக்கள் நடுவே மாட்டிவிட்டார்.

போன வாரம் போனில், "ஊருக்கு வரணும்னும் இருக்கு, இங்கேயே இருக்கணும்னும் இருக்கு, நான் என்ன மனுஷி" என்று அழுதாயே. அன்றிலிருந்து இந்த வாசகம்தான் என் மனதில் ஓடுகிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று யார் உனக்குச் சொன்னது? நானோ அப்பாவோ சொல்லவில்லை. நீ எந்த ஊரில் இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த அரண்மனை இருக்கிற ஹில்லரோடுக்கு ரயில் ஏறு. அந்த வட்டம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மேஜை இருந்த இடத்துக்கு மேலே ஆணி இன்னும் அப்படியே இருக்கிறது. பிரேம் போட்டு மாட்டப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா