சாட்ஸ்வொர்த் ஸ்கூல்ல பொண்ணச் சேக்கலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல பிரசாதம் வாங்கிட்டு நிக்கும்போது கேட்டீங்கல்ல, "உங்க ஸ்கூல்ல இப்ப நம்ம பிள்ளைங்க எத்தன பேரு"ன்னு. பாஸ் பர்சன்டேஜ் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடியே அதத்தான் கேட்டீங்க. பாப்பா பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. அவ முன்னாடி பேச வேணாம்னு வாய மூடிட்டு வந்துட்டேன், ஆனா மனசு கேக்கல, அதான் எழுதறேன். (ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: நான் சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல, இந்தியருங்க அதிகமா இருக்கற சாட்ஸ்வொர்த்ல டீச்சர். அக்கா 'நம்ம பிள்ளைங்க'ன்னு சொன்னது இந்தியப் பிள்ளைங்கள.)

பதில் சொல்லிடறேன். என் கிளாஸ்ல முக்காவாசிப் பேரு ஜூலு பேசற கறுப்புப் பிள்ளைங்க. பாதிப் பேரு பக்கத்துல கறுப்பு ஜனங்க இருக்கற உம்லாசில இருந்து இருட்டுலயே கிளம்பி டாக்ஸி புடிச்சு வர்றவங்க (இங்க டாக்ஸின்னா நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி, பெரிய வேன்). அவங்க வந்ததாலதான் ரிசல்ட் கொறஞ்சுதுன்னு நீங்க சொன்னது எனக்கு வலிச்சுது அக்கா.

முதல்ல அந்த பர்சன்டேஜ பாப்போம். 2024 மெட்ரிக்ல, அதாவது பன்னெண்டாங் கிளாஸ் பரீட்சைல, நாடு முழுக்க 87.3 சதவீதம் பாஸ்னு சொன்னாங்க, பேப்பர்ல எல்லாம் பெருசா வந்துச்சு. ஆனா அது பரீட்சை எழுதினவங்கள மட்டும் வச்சுப் போடற கணக்கு. பத்தாங் கிளாஸ்ல கூட உக்காந்து படிச்சிட்டு நடுவுல நின்னு போன பிள்ளைங்க அதுல கெடையவே கெடையாது. சுமாராப் படிக்கிற புள்ளய பதினொண்ணுலயே நிறுத்தி வச்சா, மேத்ஸ் வராதவன மேத்ஸ் லிட்ரசிங்கற சுலபமான கணக்குப் பாடத்துக்கு மாத்தி விட்டா, ஸ்கூல் பர்சன்டேஜ் தானா ஏறும். டிகிரிக்குப் போகணும்னா பேச்சலர் பாஸ் வேணும், அந்த வருஷம் அது 47.8 சதவீதம்தான். அதனால ஒரு ஸ்கூல் நூத்துக்கு நூறுன்னு போர்டு வச்சிருந்தா பத்தாங் கிளாஸ்ல எத்தன பேரு இருந்தாங்க, அதுல எத்தன பேரு பரீட்சை எழுதினாங்க, மேத்ஸ் எடுத்தவங்க எத்தன பேருன்னு கேளுங்க. எங்க ஸ்கூலயும் அப்படியே கேளுங்க, நான் பதில் சொல்றேன்.

இப்ப ஒரு பையனப் பத்தி சொல்லணும், பேரு வேணாம். போன டேர்ம் டெஸ்ட்ல ஒரு கணக்கு, ரெண்டு பார்ட். முதல் பார்ட் அழகாப் போட்டிருந்தான், ரெண்டாவதுக்கு வெறும் கோடு. ஏன்டா விட்டேன்னு கேட்டா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பேப்பர்ல ஒரு வார்த்தைமேல வெரல வச்சான். 'ஹென்ஸ்'. அதுக்கு அர்த்தம் தெரியல அவனுக்கு, மேல வந்த விடைய வச்சு கீழ போடுன்னு புரியாம, ஏதோ புதுசா இருக்குன்னு நெனச்சு விட்டுட்டான். நான் சொன்னதும் ஒரே நிமிஷத்துல போட்டுட்டான் அக்கா. ஆறு மார்க். அந்த ஆறு மார்க் கணக்கு தெரியாமப் போகல.

எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ்தான் ஹோம் லாங்வேஜ், அதாவது தாய்மொழி லெவல்ல படிக்கிற பாடம். வீட்ல ஜூலு பேசற புள்ளயும் வீட்ல இங்கிலீஷ் பேசற புள்ளையோட அதே பேப்பர்தான் எழுதணும், அதுல 40 சதவீதம் வாங்கலேன்னா மத்ததுல என்ன வாங்கினாலும் மெட்ரிக் பாஸ் கெடையாது. சயின்ஸ், மேத்ஸ் பேப்பரெல்லாம் இங்கிலீஷ், ஆப்ரிக்கான்ஸ் ரெண்டுலதான் வருது. நாட்டுல அதிகம் பேரு வீட்ல பேசற பாஷை ஜூலு, அதுல வர்றதில்ல. நானும் நீங்களும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு காலேஜ்ல முதல் நாள் முழிச்சோமே, அந்த முழி ஞாபகம் இருக்கா? இந்தப் பிள்ளைங்களுக்கு தெனமும் அதுதான்.

பணமும் அப்படித்தான். ஸ்கூல் இருக்கற ஏரியாவ வச்சுத்தான் கவர்ன்மென்ட் இது வசதியான ஸ்கூலா ஏழை ஸ்கூலான்னு பிரிக்குது, உள்ள வர்ற பிள்ளைங்க வீட்ட வச்சு இல்ல. அதனால வசதியான ஸ்கூல்னு எண்ணி எங்களுக்கு வர்ற காசு கம்மி, ஃபீஸ் வசூல் பண்ணித்தான் ஓட்டணும், கட்ட முடியாதவங்க பாதிப் பேரு.

"நம்ம ஸ்கூல்"னு சொன்னீங்க. சாட்ஸ்வொர்த்தே நாமளா கேட்டு வாங்கின எடம் இல்லியே அக்கா. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி ஏரியான்னு பிரிச்ச 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்த வச்சு, டர்பன்ல கேட்டோ மேனர் மாதிரி எடத்துல இருந்த நம்ம ஜனங்கள 1960கள்ல இங்க கொண்டாந்து கொட்டினாங்க. வெள்ளக்காரங்க ஏரியாவுக்கும் உம்லாசிக்கும் நடுவுல வேலி மாதிரி. படிப்புக்கு கவர்ன்மென்ட் பண்ணின செலவும் அப்ப அப்படித்தான், வெள்ளக்காரப் பிள்ளைக்கு ஒரு செலவு, இந்தியப் பிள்ளைக்கு அதுல கொறச்சு, கறுப்புப் பிள்ளைக்கு எல்லாத்தையும் விடக் கொறச்சு. அதுக்கும் முன்னாடி 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து கூலி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்களுக்கு ரொம்ப காலம் ஹைஸ்கூலே கெடையாது, 1929ல டர்பன்ல சாஸ்திரி காலேஜ் தொறந்ததுக்கும் ஜனங்களே வசூல் பண்ணிக் குடுத்தாங்க. படிப்புக்கு அப்படி ஏங்கின ஜனம் நாம. இன்னிக்கு உம்லாசி அம்மா ஒருத்தி டாக்ஸிக்கு காசு எண்ணிக் குடுத்து புள்ளய இங்க அனுப்பறா, அதே ஏக்கம்தான் அது.

கஷ்டம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். கிளாஸ்ல 40 பேருக்கு மேல, லேப்ல சாமான் பத்தாது, பதினொண்ணுல ஃபெயில் ஆகறவங்க இருக்காங்க, அதுல நம்ம பிள்ளைங்களும் இருக்காங்க. பாப்பாவுக்கு தனிக் கவனிப்பு வேணும்னு நெனச்சு வேற ஸ்கூல் போனீங்கன்னா நான் தப்பே சொல்ல மாட்டேன். ஆனா அவ கேக்கற மாதிரி அந்தக் காரணத்த மட்டும் சொல்லாதீங்க அக்கா, கையெடுத்துக் கேக்கறேன். நாளைக்கு எந்த ஸ்கூல் போனாலும் பக்கத்து பெஞ்சுல அந்தப் பிள்ளைங்கதான் உக்காந்திருப்பாங்க.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைல எட்டரைக்கு மேத்ஸ் எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கறேன், யாரு வேணா வரலாம். அந்த 'ஹென்ஸ்' பையன் இப்ப ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கான், கேள்வித்தாள்ல வர்ற புரியாத வார்த்தையெல்லாம் எழுதி எதிர்ல ஜூலுல அர்த்தம் போட்டுருக்கான், மத்த பிள்ளைங்க அத வாங்கி காப்பி பண்றாங்க. இந்த சனிக்கிழமை பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, பின் பெஞ்சுல உக்காந்து ஒரு மணி நேரம் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி