பிளஸ் ஒன் வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு மஞ்சள் கணக்கு

ஈரோடு, சேலம், கோவை, நாமக்கல் பக்கம் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கமுங்க.

எளிய விகித வாய்பாடு, அதாவது ஒரு சேர்மத்தில் அணுக்கள் எந்தச் சிறிய முழு எண் விகிதத்தில் இருக்கின்றன என்று காணும் கணக்கில் பிள்ளைகள் சதவீதத்தை அணு நிறையால் வகுத்து, வந்ததில் சின்ன எண்ணால் மறுபடி வகுப்பதுவரை மளமளவென்று போகிறார்கள். கடைசியில் 3.5 வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 4 ஆக்கிவிடுகிறார்கள். அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் என்று முழு எண்ணாக வந்து விழும் கணக்குகளையே கொடுத்துப் பழக்கியதன் விளைவு இது.

நம்மூர் மஞ்சளைக் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். தூளை அல்ல, அது கலவை, அதற்கு வாய்பாடு கிடையாது. மண்டியில் விரலியை ஒடித்து வியாபாரி உள்நிறம் பார்க்கிறாரே, அந்த நிறத்துக்குக் காரணமான குர்குமினை.

கார்பன் 68.47, ஹைட்ரஜன் 5.47, ஆக்சிஜன் 26.06 சதவீதம். அணு நிறைகளால் வகுத்தால் 5.70, 5.43, 1.63. சிறியதால் வகுத்தால் 3.5 : 3.33 : 1. இதை 4 : 3 : 1 என்று எழுதும் பிள்ளையின் விடையை உடனே அடித்துவிடாதீர்கள். அந்த வாய்பாட்டிலிருந்தே கார்பன் சதவீதத்தைத் திருப்பிக் கணக்கிடச் சொல்லுங்கள். 71.6 வரும். கூடுதலாக மூன்று எங்கிருந்து முளைத்தது என்று அதுவே முழிக்கும். 2ஆல் பெருக்கினால் ஹைட்ரஜன் நொண்டும், 3ஆல் பெருக்கினால் கார்பன் நொண்டும்; 6ஆல் பெருக்கினால்தான் 21 : 20 : 6. இந்த வாய்பாட்டின் நிறையும் குர்குமினின் மூலக்கூறு நிறையும் ஒரே 368 என்பதால் மூலக்கூறு வாய்பாடும் அதேதான்.

அந்தச் சதவீதம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு கிராம் குர்குமின் முழுசாக எரிந்தால் சுமார் 2.51 கிராம் கார்பன் டைஆக்சைடும் 0.49 கிராம் தண்ணீரும் வரும். 1831இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், பொருளை எரித்து வரும் கார்பன் டைஆக்சைடை, அதை உறிஞ்சும் பொட்டாஷ் கரைசல் இருந்த ஐந்து குமிழ்க் கண்ணாடிக் குழாயில் பிடித்து, குழாயின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தார். இந்த முறையில் ஆக்சிஜனை யாரும் அளப்பதில்லை. நூறிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து எடுப்பதுதான். ஆகவே எடை போட்டதில் நேர்ந்த சறுக்கல் எல்லாம் ஆக்சிஜன் தலையில் விடியும். இங்கே எல்லாவற்றையும் வகுக்கப்போவதும் அந்த எண்ணால்தான். அதனால் அளவீட்டில் 3.48 என்று வந்தால் அதை 3.5 என்று எடுத்துக்கொள்ளலாம். 3.33ஐ 3 ஆக்க முடியாது.

அரையாண்டுத் தேர்வில் இதை ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்களேன். அதில் ஒன்றை, விடையைத் திருப்பிச் சரிபார்த்த பிள்ளைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டில் மஞ்சள் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன்