நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி, 2009இல் கடையைக் காலி செய்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். பிலிம் ரோலும் உடனடிப் படக் கேமராவும் இளைஞர்களின் கைக்குத் திரும்பி வந்திருப்பது பற்றியும், அந்த ஆர்வத்தில் அவர்கள் கவனிக்காமல் விட்டுவிடும் நெகட்டிவை, அதாவது பிரதிகள் எடுக்க உதவும் மூலப் பிலிமைப் பற்றியும் எழுதத் தங்கள் நாளிதழில் இடமளிக்க வேண்டுகிறேன்.

சென்ற தை மாதம் என் தம்பி மகளின் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையைச் சுற்றி நான்கு டிஜிட்டல் கேமராக்கள், தலைக்கு மேலே ஒரு டிரோன், மண்டபத்தின் இருபுறமும் பெரிய திரைகள் என்று எதற்கும் குறைவில்லை. அன்றைக்கு மட்டும் ஐயாயிரம் படங்களுக்குக் குறையாது என்று அந்தக் குழுவில் இருந்த பையனே சொன்னான். ஆனால் கூட்டம் மொய்த்ததென்னவோ பந்திக்குப் போகும் வழியில் போட்டிருந்த ஒரு சிறிய மேசையைத்தான். அங்கே மணப்பெண்ணின் தோழி ஒருத்தி, இன்ஸ்டாக்ஸ் என்ற உடனடிப் படக் கேமராவை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை நிறுத்திப் படமெடுத்து, வெளியே வரும் அட்டையை ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் வாழ்த்து எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் அட்டையில் முதலில் கண்ணும் மூக்கும் நிழலாகத் தெரிந்து, பிறகு பட்டுச் சேலையின் நிறம் மெல்ல ஏறிவருவதைப் பார்ப்பதற்கு, எண்பது வயதைக் கடந்த என் அத்தை முதல் வாண்டுகள் வரை தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். ஏடிஎம் அட்டை அளவே உள்ள தன் படத்தை ஆல்பத்தில் ஒட்ட அத்தை சம்மதிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் போட்டுக்கொண்டுவிட்டார்.

இதையெல்லாம் பழைய காலத்து ஏக்கம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தோழிக்கு இருபத்துமூன்று வயது இருக்கலாம். அவள் பள்ளிக்கூடம் போன நாள்களிலேயே எங்கள் ஊரில் பிலிம் கழுவும் லேப்கள் மூடத் தொடங்கிவிட்டன. அனுபவித்தே அறியாத ஒன்றுக்காக யாரும் ஏங்குவதில்லை. ஃபியூஜி நிறுவனம் 1998இல் இன்ஸ்டாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் விற்பனை படுத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு நான்கு ஸ்மார்ட்போன்கள் வந்து, படமெடுப்பதற்குச் செலவே இல்லை என்றான பிறகுதான் அது எழுந்து நின்றது. 2018ஆம் நிதியாண்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கேமராக்கள் விற்றன. போலராய்டு நிறுவனம் தன் உடனடிப் பிலிமை நிறுத்தப்போவதாக 2008இல் அறிவித்தபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களைப் பழைய தொழிலாளர்கள் சிலரும் ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள். பல வேதிப்பொருள்கள் உற்பத்தியிலேயே இல்லாமல் போயிருந்ததால் புதிதாகக் கலவை கண்டுபிடித்து, 2010இல் மீண்டும் பிலிமைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கோடாக் 2012இல் கைவிட்ட எக்டாக்ரோம் பிலிம் 2018இல் திரும்பி வந்தது. 2024இல் பென்டாக்ஸ், வழக்கமான படத்தில் பாதி அளவுள்ள படங்களாக ஒரே ரோலில் எழுபத்திரண்டு எடுக்கத்தக்க புத்தம் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது; கைப்பேசிப் படம்போல் நிமிர்ந்த வாக்கில் படம் விழும்படி அதை அமைத்திருப்பதிலிருந்தே, யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பது விளங்கும்.

இந்த ஈர்ப்புக்கு நான் காணும் காரணம், எண்ணிக்கை. எண்பதுகளில் எங்கள் கடைக்குப் பிலிம் கழுவக் கொண்டுவந்தவர்களில் பலரிடம் அக்ஃபா கிளிக் கேமராதான் இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம், அவ்வளவுதான். தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். கழுவிப் பார்த்தால் முதல் நான்கில் புதுச்சட்டைப் பிள்ளைகள், நடுவில் ஒரு காதுகுத்து, கடைசியில் மாட்டுப் பொங்கல் என்று அந்த வீட்டின் மூன்று மாதத்து வரலாறு வரிசையாக வரும். ஸ்டூடியோவிலும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு படத்துக்கு மேல் எடுக்கமாட்டோம். அதனாலேயே பிள்ளையின் கலைந்த முடியைச் சீவி, பெரியவரின் துண்டைச் சரிசெய்து, விளக்கை அரையடி தள்ளி வைத்து, எல்லோரும் ஒரு நொடி மூச்சை அடக்கும்வரை காத்திருந்துதான் பொத்தானை அழுத்துவோம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு உண்டு என்பது தெரிந்தால் கை தானாகவே நிதானப்படும். இன்றைக்கு ஒரு கலர் ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்து முடிக்க ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தைச் சேமித்துச் செலவழிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். கேமராவை முகத்தருகே கொண்டுபோய்விட்டு, வேண்டாம் என்று இறக்கிவிடுகிற அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மதிப்பு உண்டாகிறது. எடுக்காமல் விடுவதும் இந்தத் தொழிலில் பாதி.

காத்திருப்பு அடுத்தது. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் சற்று நீட்டிவிடுவேன்; பொறுத்தருள வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பர் கரைசல் இருபது டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் குழாயில் வருகிற தண்ணீரே முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் ஊதிக்கொள்ளும், படம் பொரிபொரியாகிவிடும். ஆகவே சோடாக் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து, தொட்டியைச் சுற்றி அடுக்கி, வெப்பமானியைப் பார்த்தபடியே வேலை செய்வோம். டார்க் ரூமின் சிவப்பு விளக்கில், டிரேயில் அமிழ்ந்து கிடக்கும் வெள்ளைத் தாளில் ஒரு முகம் எழுந்து வருவதைப் பல்லாயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது எனக்குச் சலித்ததில்லை. பிலிம் என்றாலே எல்லாம் மேன்மை என்று சொல்ல வரவில்லை. 1984இல் ஒரு திருமணத்தில், ரோலைத் திருப்பிச் சுற்றுவதற்கு முன்பே கேமராவின் முதுகைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டு, தாலி கட்டிய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெண் வீட்டார் காலில் விழாத குறை. டிஜிட்டலில் அப்படி ஒரு விபத்துக்கு வழியில்லை என்பதையும், பத்திரிகை, மருத்துவம், காவல் போன்ற பணிகளுக்கு அதுவே தகுந்தது என்பதையும் மறுக்கிறவன் அல்லேன்.

உடனடிப் படம் இந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது என்றாலும், அதைப் பார்ப்பவர் கண்முன்னே வைத்தது. 1943இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் விடுமுறையில் இருந்தபோது, இப்போது எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்டதிலிருந்துதான் தன் யோசனை தொடங்கியதாகப் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லாண்ட் கூறியிருக்கிறார். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் அவர் அதைச் செய்து காட்டினார். மறு ஆண்டு நவம்பரில் பாஸ்டன் கடையொன்றில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. எங்கள் டார்க் ரூமில் தொட்டிகளில் நடந்த வேலையை, உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் பரவும் ஒரு சிறு பொட்டலக் கரைசலுக்குள் அவர் அடக்கிவிட்டார். பிறகு வந்த, மேல்தாளை உரித்தெடுக்கத் தேவையில்லாத உடனடிப் படங்களில், இன்றைய இன்ஸ்டாக்ஸ் உட்பட, தனியாக ஒரு நெகட்டிவ் கிடையாது. என் அத்தையின் சுருக்குப்பையில் உள்ள படத்துக்கு இன்னொரு பிரதி உலகில் எங்கும் இல்லை. அவர் அதை விட்டுக்கொடுக்காததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் எழுதத் துணிந்த காரணத்துக்கு இப்போது வருகிறேன். சென்னையில் பிலிம் கழுவித் தரும் லேப் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தபோது, ஓரமாக ஓர் அட்டைப்பெட்டி நிறைய நெகட்டிவ் உறைகள் கிடக்கக் கண்டேன். வாடிக்கையாளர்களுக்கு ஸ்கேன் செய்த படங்கள் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அதன்பிறகு பெரும்பாலானவர்கள் நெகட்டிவை வாங்க வருவதே இல்லை என்றார் அங்கிருந்தவர். சில மாதம் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பிலிமில் எடுத்து, பொறுமையாகக் காத்திருந்து, கடைசியில் கைப்பேசியில் ஏற்கெனவே கிடக்கும் பல்லாயிரம் படங்களோடு இன்னும் முப்பத்தாறைச் சேர்த்துக்கொண்டு மூலத்தைக் கைவிடுவது, கரும்பைச் சக்கையென்று எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. அவர்களை அங்கே இழுத்துவந்ததே கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருள் என்றால், அந்தப் பொருள் அந்த உறைக்குள்தான் இருக்கிறது. படத்தில் இருப்பவர் முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நேராக வந்து பதிந்த இடம் அது. இன்றைய ஸ்கேன் நாளைக்குப் போதாமல் போகலாம். நெகட்டிவ் இருந்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் காகித உறையில் வைத்தால், நன்றாகக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவ் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும். கலர் நெகட்டிவின் சாயம் காலப்போக்கில் மங்கும். இருந்தும் தொலைந்த கைப்பேசியைவிட அது நீண்ட நாள் வாழும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலர் வந்து கறுப்பு வெள்ளை ஓய்ந்தபோது, இடம் போதவில்லை என்று பதினான்கு ஆண்டு நெகட்டிவ்களைச் சாக்குகளில் கட்டி, பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரியிடம் எடைக்குப் போட்டவன் நான். படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய பழைய ஹைப்போக் கரைசலையும் அவரே வாங்கிக்கொள்வார். எனக்கு முந்தைய தலைமுறையினர் கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவிப் படச்சட்டத்துக்கு விற்றதையும் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர், இறந்துபோன தகப்பனார் உங்கள் கடையில்தான் படமெடுத்துக்கொண்டார், ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். தமிழகத்து ஸ்டூடியோக்களில் மிஞ்சிய பழைய படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தேடித் திரட்டி மின்மயமாக்கியது பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. அவர்களுக்குக் கொடுப்பதற்கு என்னிடம் ஒரு சாக்குகூட மிச்சமில்லை.

ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமிலும் தாளிலும்தான் நாங்கள் பல காலம் வேலை செய்தோம். பிலிம் பூசும் கூடத்தில் வெளிச்சமே கூடாதாகையால், அங்குள்ளவர்கள் கைத்தடவலிலேயே வேலை பார்ப்பார்கள் என்று வியப்போடு பேசிக்கொள்வோம். அந்த ஆலை நலிந்து மூடப்பட்டுவிட்டது; ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இளைஞர்கள் இன்று வாங்கும் ரோல்கள் வெளிநாட்டிலிருந்து வருவதும், விலை அப்படி ஏறியிருப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

ஆகவே லேப் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், உறையின் மேல் தேதியும் பெயரும் எழுதி நெகட்டிவைக் கையில் கொடுத்துவிடுங்கள்; வெளியூர்க்காரர் என்றால் அஞ்சல் செலவைக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகளில், ஒரு காலத்தில் மாணவர்களுக்கென்று கட்டிய டார்க் ரூம்கள் இன்று நாற்காலி அடுக்கும் அறைகளாகிவிட்டன. வாரத்தில் ஒரு நாளாவது அவற்றைத் திறந்துவிட்டால், கழுவக் கற்றுக்கொடுக்க என்னைப்போல் வீட்டில் சும்மா இருக்கும் பழைய ஆள்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள்.

எடைக்குப் போட்டதற்குப் பிந்தைய நெகட்டிவ்கள், 1991 முதல் கடை மூடிய நாள் வரையிலானவை, மூன்று தகரப் பெட்டிகளில் என் வீட்டு மாடியில் இருக்கின்றன. அக்காலத்தில் கும்பகோணத்தில் எங்களிடம் படமெடுத்துக்கொண்டவர்கள், ஆண்டையும் மாதத்தையும் சொன்னால் தேடி எடுத்துத் தருகிறேன்; பழைய ரசீது இருந்தால் வேலை எளிது. கட்டணம் கிடையாது. என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.