சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கழுதைப்பால் தெருத்தெருவாக விற்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வரட்டும் என்றுதான் வாங்குகிறார்கள். அது தாயிடமே இருக்கிறது. பிரசவமான முதல் சில நாட்கள் மஞ்சளாக, கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலில் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதமும் வெள்ளையணுக்களும் நிறைந்துள்ளன. அந்த எதிர்ப்புரதம் குழந்தையின் குடலில் கிருமிகள் ஒட்டவிடாமல் தடுக்கிறது. அதுவும், தாய் தன் வீட்டிலும் ஊரிலும் எதிர்கொண்ட கிருமிகளுக்கென்றே அவள் உடல் தயாரித்து வைத்தது. காய்ச்சாத கழுதைப்பாலோ புதிய கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

என் மகளுக்குக் குழந்தை பிறந்த அன்று, உறவுக்காரப் பெண்மணி ஒருவர் "இது கெட்ட பால்" என்று சீம்பாலைத் துணியில் பிழிந்து எடுத்துவிட்டு, பாலாடையில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார். பாசத்தில் செய்ததுதான், அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையை மருத்துவமனைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. கர்ப்ப காலப் பரிசோதனைக்குக் கூடவே வரும் அம்மாவையும் மாமியாரையும் உட்காரவைத்து, செவிலியர்கள் பத்து நிமிடம் பேச அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு பாட்டி, திண்டுக்கல்