நீ அனுப்பிய எழுபத்தேழு

கும்பகோணம்
ஐப்பசி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் நேற்று ராத்திரி போனில் வந்த பதினோரு படங்களும் கிடைத்தன. போனிலேயே பதில் தட்ட என் கட்டைவிரலுக்குப் பொறுமை போதாது. அதனால் பழையபடி வெள்ளைத்தாள். இங்கே நாலு நாளாக விடாத மழை. உன் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் சட்டையில் இருக்கும் கறையையெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் மாமனார் கண்டிப் பக்கம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார் என்று தெரியும். துரை கொடுத்துவிட்டுப் போன ஸ்டாம்ப் ஆல்பம் ஒன்று உங்கள் பரணில் இருந்ததை நாற்பது வருஷமாக என்னிடம் சொல்லவில்லையே, படுபாவி!

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது படத்தில் சிவப்புக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாயே, இங்கிலாந்தின் பழைய ஒரு பென்னி சிவப்பு ஸ்டாம்ப், ‘பிளேட் 77, கோடிக்கணக்கில் போகுமாமே’ என்று. அது 77 இல்லை. 177.

கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள். 1864 முதல் வந்த பென்னி சிவப்பில், விக்டோரியா ராணியின் தலைக்கு இரண்டு பக்கமும் ஓடும் கொடிவேலைக்குள்ளே பிளேட் எண்ணை, அதாவது அடித்த அச்சுத் தகட்டின் எண்ணை, பொடியாக ஒளித்துவைத்திருப்பார்கள். 71-இல் தொடங்கி 225 வரை போகும். நடுவில் 75, 77, 126, 128 எல்லாம் தேறாத பிளேட்டுகள் என்று ஒதுக்கியவை. ஆனாலும் 77-இல் அடித்த சில ஸ்டாம்புகள் எப்படியோ வெளியே வந்துவிட்டன. இன்று உலகத்தில் இருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். 177 அப்படியல்ல, மூட்டை மூட்டையாக வந்தது. முன்னால் இருக்கும் 1-ஐ இரண்டு பக்கமும் சவர பிளேடு முனையால் சுரண்டிவிட்டால் தீர்ந்தது வேலை. நூறு வருஷமாக நடக்கும் கைத்தொழில் இது.

படத்தைப் பெரிதாக்கிப் பார். உன் 77 நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா? காலியான இடத்தில் கொடிக்கோடுகள் தேய்ந்து, தாள் மட்டும் பஞ்சு பஞ்சாகத் தெரிகிறதா? அதுவும் போகட்டும். முப்பது வருஷம் ரயில் தபால் சேவையில், நம் ஆர்.எம்.எஸ்.ஸில், ஓடுகிற ரயிலில் முத்திரை படித்தவன் நீ. கீழ்ப்பக்கம் விழுந்திருக்கும் முத்திரையில் வருஷம் என்ன? எனக்கு 75 என்று படுகிறது. 77 வெளியே கசிந்தது 1860-களின் நடுவில். பத்து வருஷம் கழித்தா ஒட்டியிருப்பார்கள்? போலி செய்கிறவன் எண்ணைச் சுரண்டுவான். முத்திரையில் இருக்கும் தேதியை மறந்துவிடுவான்.

உன்னைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 1998-இல் நான் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்த கதையை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சிலோன் நாலு பென்ஸ், 1859, மங்கிய ரோஸ் நிறம், பல் (கிழிக்க வசதியாக ஓரத்தில் போடும் ஓட்டை வரிசை) இல்லாதது. சிலோன் ஸ்டாம்புகளிலேயே அதற்குத்தான் ராஜமரியாதை. விற்றவர் பெயர் வேண்டாம். ‘எஸ்டேட் வீட்டிலிருந்து வந்தது சார்’ என்றார், அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அதே நாலு பென்ஸ் பின்னால் பல் வைத்தும் வந்ததே, அந்த மலிவுச் சரக்கின் பல்லை நாலு பக்கமும் நறுக்கிவிட்டால் பல் இல்லாத ராஜா ஆகிவிடாதா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கம் ஓரமே இல்லை, ஒரு மூலையில் எலி கடித்தாற்போல் அரைவட்டம். பல்லின் மிச்சம்! பல் இல்லாதது என்று யாராவது காட்டினால் நாலு பக்கமும் தாராளமாக ஓரம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் ஜோடியாகக் கேள். ஜோடியை நறுக்கிச் செய்ய முடியாது. அந்த நாலு பென்ஸ் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. எதையாவது வாங்கப் போகும்போது தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தாள், தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் வாட்டர்மார்க், பல் மூன்றும் சரியாக இருந்தால் அசல்தான் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஜீன் டி ஸ்பெராட்டி என்ற இத்தாலிக்காரன் அதையும் கெடுத்துவிட்டான். பிரான்சில் எக்ஸ்-லே-பெயின் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காலத்து மலிவான அசல் ஸ்டாம்பை எடுத்து, படத்தை மட்டும் மருந்தால் வெளுத்துவிட்டு, அதே தாளில் அரிய ஸ்டாம்பின் படத்தை அச்சடிப்பான். தாள் அசல், வாட்டர்மார்க் அசல், பல் அசல், சில சமயம் முத்திரைகூட அசல்! 1942-இல் லிஸ்பனுக்கு அனுப்பிய சரக்கைப் பிரெஞ்சு சுங்கக்காரர்கள் பிடித்து, விலையுயர்ந்த அசலை வரி கட்டாமல் கடத்துகிறான் என்று வழக்குப் போட்டார்கள். ‘ஐயா, எல்லாம் என் கையால் செய்தது’ என்கிறான் இவன்; நிபுணர்கள் ‘இல்லை, அசலேதான்’ என்கிறார்கள்! கடைசியில் 1954-இல் பிரிட்டிஷ் ஃபிலாடெலிக் அசோசியேஷன் என்ற ஸ்டாம்ப் சங்கம் அவனுடைய சரக்கையே மொத்தமாக விலைக்கு வாங்கி அவனை ஓயவைத்தது.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணம். ஒன்பதாவது படத்தில், நீ கட்டம் போடாத மூலையில், பச்சை ஒரு ஷில்லிங் ஒன்று பாதி மறைந்து தெரிகிறது. பிளேட் 5 போலிருக்கிறது. 1872-இல் லண்டன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தந்தி ஆபீஸில் யாரோ இந்த ஷில்லிங்கைப் போலியாக அடித்து, கவுன்ட்டரில் வாங்கிய காசைப் பையில் போட்டுக்கொண்டு, தந்திப் படிவங்களில் போலியை ஒட்டியிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் யாருக்கும் தெரியாது. 1898-இல் பழைய படிவங்களைப் புரட்டிய சார்லஸ் நிசன் என்ற ஸ்டாம்ப் வியாபாரிதான் பிடித்தார். செய்தவன் கடைசிவரை அகப்படவில்லை. எப்படிப் பிடித்தார் தெரியுமா? ஒன்று, ரோஜாக் கொத்து வாட்டர்மார்க் இல்லை. இன்னொன்று, மூலை எழுத்து; அந்த ஸ்டாம்ப் தாளில் எந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்கிற எழுத்து. ஒரு தாளில் 240 ஸ்டாம்புகள், வரிசைக்கு 12 வீதம் இருபது வரிசை. ஆகவே கீழே இடது மூலையில் ஏ (A) முதல் டி (T) வரை, வலது மூலையில் ஏ முதல் எல் (L) வரை மட்டுமே வரலாம். மேல் மூலைகளில் அதே இரண்டும் இடம் மாறி நிற்கும். போலி செய்தவனுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. தாளில் வரவே முடியாத எழுத்துகளைப் போட்டுவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் போலிக்கு அசலைவிடப் பல மடங்கு விலை.

உன் படத்தில் வலது கீழ் மூலை எழுத்து எனக்கு ‘எல்’ என்றும் தெரிகிறது, ‘எம்’ என்றும் தெரிகிறது. ராத்திரி தூக்கம் போயிற்று. நாலு மூலை எழுத்தையும் பார்த்து உடனே எழுது. ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதே. தண்ணீரில் எதையும் போடாதே; 1883-இல் வந்த பச்சையும் ஊதாவும் தண்ணீர் பட்டால் கரையும்படியே மை போட்டு அடித்தவை. பேனாக் கோட்டைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டுகிறவர்களுக்கு வைத்த பொறி அது. வாட்டர்மார்க்கை நான் நேரில் வந்து பார்க்கிறேன். பிள்ளைகளிடம் இப்போதைக்கு எதையும் சொல்லாதே.

அன்புடன்,
ராமநாதன்

பி.கு.: எம் என்றால் போன் செய். எல் என்றால் கடிதம் போதும்.